ஒலி நின்றபின் வரும் அமைதி: காதிரைச்சலுக்கு ஒலித்தூண்டல் தரும் தற்காலிக நிவாரணம்

நூற்பாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்த உங்களுக்கு இரண்டு காதிலும் ஓயாத கீச்சொலி ஆறு ஆண்டுகளாக இருந்துவருகிறது என்றும், எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்றும், கைபேசியில் இருந்த ஒரு சீறல் ஒலியை ஹெட்போனில் ஒரு நிமிடம் கேட்டு நிறுத்தியதும் ஏறக்குறைய அரை நிமிடத்துக்குக் கீச்சொலி அடியோடு நின்றுபோனது என்றும் எழுதியிருந்தீர்கள். இது எப்படி நடக்கிறது, தொடர்ந்து செய்துவந்தால் ஒரேயடியாக நின்றுவிடுமா, காதுக்குக் கெடுதல் உண்டா, அதே ஒலியைக் கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்டபோது ஏன் பலன் இல்லை என்பவை உங்கள் கேள்விகள். செவித்திறன் பரிசோதனை அறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நேர் விடையை முதலில் சொல்லிவிடலாம். உங்களுக்குக் கிடைத்த அமைதி மனப்பிரமை அன்று. வெளியில் ஒலி இல்லாமலேயே காதுக்குள் கேட்கும் இந்த வகை ஓசைக்குப் பொதுப்பெயர் காதிரைச்சல். அது உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ஏதோ ஓர் அளவில் வரவழைக்கக்கூடிய, நேரம் குறித்து அளக்கக்கூடிய நரம்பு விளைவு. மருத்துவ நூல்கள் ரெசிடுவல் இன்ஹிபிஷன் என்று குறிப்பிடும் இதை இங்கே பின்னமைதி என்று எழுதுகிறேன். அது பெரும்பாலும் சில வினாடிகள் முதல் ஒன்றிரண்டு நிமிடம் வரை நின்று கரைந்துவிடும். நாள்தோறும் பலமுறை செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்து அதை நிரந்தரமாக்க முடியும் என்பதற்குச் சான்று இல்லை. அளவான உரப்பில் செய்தால் காதுக்குக் கெடுதலும் இல்லை. அமைதியை நீட்டிக்க வேண்டும் என்ற ஆசையில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதுதான் ஆபத்து.

ஒலியால் கிடைக்கும் நிவாரணம் என்று பொதுவாகப் பேசப்படுவதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. வெளியிலிருந்து ஓர் ஒலி வந்துகொண்டிருக்கும்போது காதிரைச்சல் கேட்காமல் போவது ஒலிமறைப்பு. மின்விசிறி ஓடினால் தூக்கம் வருகிறது, நள்ளிரவில் கரண்ட் போய் விசிறி நின்றதும் காதுக்குள் கீச்சென்ற ஒலி எழுந்து விழிப்பு வந்துவிடுகிறது என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். பின்னமைதி தொடங்குவதோ அந்த ஒலி நின்ற பிறகு. வெளி ஒலி ஓய்ந்துவிட்டது, அறை நிசப்தமாக இருக்கிறது, காதிரைச்சல் உடனே திரும்பியிருக்க வேண்டும், ஆனாலும் திரும்பவில்லை. மறைப்பதற்கு எதுவுமே இல்லாதபோதும் அது கேட்கவில்லை என்றால், அந்த நேரத்தில் அது உண்மையிலேயே உற்பத்தியாகவில்லை என்றுதான் பொருள். காதிரைச்சலை ஆராய்பவர்களுக்கு இந்த அரை நிமிடம் அரிய வாய்ப்பாக இருப்பதும் அதனால்தான்.

ஒலிமறைப்பு மிகப் பழைய செய்தி. வெளியில் ஓசை எழுப்பினால் காதுக்குள் கேட்கும் ரீங்காரம் ஏன் நின்றுவிடுகிறது, பெரிய ஓசை சிறிய ஓசையை விரட்டிவிடுவதாலா என்ற வினா, அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் பழைய வினாத் தொகுப்பிலேயே இருக்கிறது. பாரிஸில் செவிநோய் மருத்துவராக இருந்த இட்டார் 1821இல் வெளியிட்ட நூலில், உள்ளே கேட்கும் ஓசையின் தன்மைக்கு ஏற்ற வெளி ஓசையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். இரைகிற ஒலி உள்ளவர் நன்றாக எரியும் கணப்பின் அருகிலும், சீறுகிற ஒலி உள்ளவர் ஈரவிறகு எரியும் கணப்பின் அருகிலும் இருக்கலாம் என்பது அவருடைய யோசனை. ஈரவிறகின் சீறலில் மேல் அதிர்வெண்கள் மிகுதி என்பதை அளக்கக் கருவி இல்லாத காலத்தில் காதாலேயே கண்டுகொண்டிருக்கிறார். 1970களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து நகரத்து நீரூற்று ஒன்றின் அருகே நின்றபோது, காதிரைச்சல் உள்ள மருத்துவர் சார்லஸ் யூனிஸ் தமக்கு அங்கே இரைச்சலே கேட்கவில்லை என்று உடன் வந்த செவி ஆராய்ச்சியாளர் ஜாக் வெர்னனிடம் சொன்னார்; காதில் அணியும் ஒலிமறைப்புக் கருவிகளை வெர்னன் உருவாக்கத் தொடங்கியதற்கு அந்த நிகழ்ச்சியே தூண்டுதலாக அமைந்தது. பின்னமைதி சற்றுப் பிந்தியே கவனம் பெற்றது. 1903இல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க மருத்துவர் பியானோவை வைத்துக்கொண்டு நோயாளியின் காதிரைச்சலுக்கு ஒத்த சுருதியைத் தேடிப்பிடித்து, அதை ஒலித்துக்காட்டினால் இரைச்சல் சிறிது நேரம் மறைவதைப் பதிவுசெய்தார். ஜெர்மானியரான ஃபெல்ட்மன் 1971இல் இதை முறையாக அளந்து வெளியிட்டார்.

பரிசோதனை அறையில் இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒலிபுகாத அறையில் நோயாளி ஹெட்போன் அணிந்து அமர்ந்திருப்பார். முதலில் அவருடைய காதிரைச்சலின் சுருதியை ஒத்த ஒலியைத் தேடுவோம். இரண்டு ஒலிகளை மாறி மாறி ஒலித்து எது நெருக்கம் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டிய, பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. ஒரு ஸ்தாயி மேலோ கீழோ தவறிப் பொருத்திவிடுவது சகஜம் என்பதால், 4000 என்று சொன்னவரிடம் 8000ஐயும் ஒலித்துக்காட்டி மறுபடி கேட்போம். அடுத்து, அந்தச் சுருதியைச் சுற்றியுள்ள சில அதிர்வெண்கள் மட்டும் அடங்கிய சீறல் ஒலியை மெல்லக் கூட்டிக்கொண்டே வந்து, காதிரைச்சல் முதன்முதலாக மறையும் அளவைக் குறித்துக்கொள்வோம். அதற்கு மேல் 10 டெசிபெல் கூட்டி, சரியாக ஒரு நிமிடம் ஒலிக்கவிட்டு, சட்டென்று நிறுத்துவோம். வெர்னன் காலத்திலிருந்து வழங்கும் நடைமுறை இது. நிறுத்திய கணத்தில் நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். பேச வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டு, கண்ணை ஓரமாகத் திருப்பி, எங்கோ தொலைவில் எதையோ தேடுபவர் போலக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். பிறகு இரைச்சல் ஒரேயடியாக வராமல், மிக மெல்லிய இழையாகத் தொடங்கிப் பழைய அளவுக்கு வளர்ந்து நிற்கும். சிலருக்கு முழு அமைதி, சிலருக்குப் பாதிக் குறைவு, சிலருக்கு எந்த மாற்றமும் இல்லை, மிகச் சிலருக்கு இரைச்சல் முன்னிருந்ததைவிடக் கூடிவிடும். இந்தக் கடைசிப் பிரிவினரை நான் மறுபடி குறிப்பிடுவேன்.

இனி இது எப்படி நடக்கிறது என்பதற்கு வருகிறேன். நூற்பாலையின் இரைச்சல் முதலில் சிதைப்பது உட்செவியின் நத்தைச்சுருளில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளுக்குரிய, அதிர்வை நரம்புச் சமிக்ஞையாக மாற்றும் ரோமச் செல்களை. இரைச்சலால் கேட்கும் திறன் குறைந்தவர்களின் ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழுவது அதனால்தான். அந்தப் பகுதியிலிருந்து மூளைக்குப் போக வேண்டிய சமிக்ஞை குறைந்துவிடுகிறது. மூளைத்தண்டிலிருந்து பெருமூளைப் புறணி வரை, அந்த அதிர்வெண்களுக்காகவே ஒதுக்கப்பட்ட நியூரான்கள் வரத்து குறைந்ததற்காக ஓய்ந்துவிடுவதில்லை. தங்களைக் கட்டுப்படுத்தும் பிடி தளர்ந்து, வெளி ஒலி எதுவும் இல்லாமலேயே மிகையாகச் சுடத் தொடங்குகின்றன, அதாவது மின்துடிப்புகளை வெளியிடத் தொடங்குகின்றன. ஒலியே இல்லாத இடத்தில் ஒலியாக மூளை வாசிப்பது அந்த மிகைச் செயல்பாட்டைத்தான் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். செவி நரம்பில் வளர்ந்த கட்டியை அகற்றும்போது நரம்பையே வெட்ட நேர்ந்தவர்களில் பலருக்கும் காதிரைச்சல் நிற்காமல் தொடர்ந்தது இதற்கு ஒத்துப்போகிறது. காதில் தொடங்கிய கோளாறு மூளையில் குடியேறிவிட்ட பிறகு, காதோடு உள்ள தொடர்பை அறுப்பது தீர்வாகாது.

இப்போது அந்த மிகைச் செயல்பாடு உள்ள நியூரான்களுக்கு, அவை எதிர்பார்த்துக் கிடக்கும் அதிர்வெண்ணிலேயே வெளியிலிருந்து ஒலியைக் கொடுக்கிறோம். ஒலி நின்ற பிறகு அவற்றில் பல, தங்கள் தன்னியல்பான சுடுதலைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கின்றன. அமெரிக்காவின் ஒஹாயோவில் கலாசியுக் குழுவினர், சுண்டெலிகளின் நடுமூளையில் உள்ள செவிப்பாதை நிலையத்தின் நியூரான்களில் இந்த ஒடுக்கத்தை நேரடியாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஒலியின் நேரம் கூடினால் ஒடுக்கத்தின் நேரமும் கூடுகிறது, மனிதர்களின் பின்னமைதியும் ஏறக்குறைய அதே போக்கில் நடந்துகொள்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் விகிதசமமாக நிகழ்வதில்லை. ஒரு நிமிட ஒலிக்கு அரை நிமிட அமைதி கிடைத்தவருக்கு, இரண்டு நிமிடம் கேட்டால் ஒரு நிமிடம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட முடியாது. நேரத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் சிறிதளவே கூடும், பிறகு அதுவும் தட்டையாகிவிடும். நியூரான்களின் தற்காலிக ஒடுக்கத்தை நம்பி நிற்கும் எந்த நிவாரணமும், அந்த ஒடுக்கம் விலகியதும் விலகத்தான் செய்யும். மிகைச் செயல்பாட்டுக்குக் காரணமான வரத்துக் குறைவு அப்படியேதான் இருக்கிறது.

மனித மூளையில் இதை நேரில் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. காக்காய் வலிப்புக்கான அறுவைச் சிகிச்சைக்கு முன்னோட்டமாக அமெரிக்காவின் அயோவாவில் ஒருவருக்கு மூளையின் மேற்பரப்பிலும் உள்ளும் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தன. அவருக்குக் காதிரைச்சலும் இருந்தது. பிரிட்டனின் நியூகாசிலைச் சேர்ந்த செட்லியும் அயோவாவின் கேண்டரும் அவருக்குச் சீறல் ஒலியைக் கொடுத்து நிறுத்தி, இரைச்சல் அடங்கியிருந்த வினாடிகளையும் அடங்காமல் இருந்த வினாடிகளையும் ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டார்கள். இரைச்சல் அடங்கியபோது மாறிய மின்னலைகள் செவிப்புறணியோடு நிற்கவில்லை. நினைவு, கவனம் போன்றவற்றோடு தொடர்புடைய பரந்த பகுதிகளிலும் அந்த மாற்றம் தெரிந்தது. அதே உரப்புள்ள வெளி ஒலியைக் கேட்கும்போது செயல்படும் பகுதியோ அதைவிட மிகச் சிறியது. ஒருவரிடம் மட்டும் செய்த பதிவு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும், இரண்டு அதிர்வெண்களை அமுக்கிவிட்டால் காதிரைச்சல் தீர்ந்தது என்று விளம்பரம் செய்பவர்கள் சொல்வது ஏன் அவ்வளவு எளிதில் நடப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

எந்த ஒலி பின்னமைதியைத் தரும் என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். மழை, அருவி, கடலலை என்று இனிமையான ஒலிகளைத் தேடி வைத்திருப்பவர்கள், அவை ஒலிக்கும்போது ஆறுதலாக இருக்கிறது, நிறுத்தியதும் இரைச்சல் உடனே வந்துவிடுகிறது என்று சலித்துக்கொள்வார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரி ராபர்ட்ஸும் அவருடைய குழுவினரும் செய்த அளவீடுகள் இதற்குப் பதில் தருகின்றன. வெவ்வேறு அதிர்வெண்களை மையமாகக் கொண்ட சீறல் ஒலிகளைக் கொடுத்துப் பார்த்தபோது, கேட்கும் திறன் குறைந்துள்ள பகுதியும் காதிரைச்சலின் அதிர்வெண்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தன, ஆழமான பின்னமைதியும் அந்தப் பகுதியின் ஒலிகளாலேயே வந்தது. கீழ் அதிர்வெண் ஒலிகள் அநேகமாகப் பலன் தரவில்லை. ஆகவே உங்கள் ஆடியோகிராமில் கோடு சரிகிற இடம் எதுவோ, அதுவே நீங்கள் முயன்று பார்க்க வேண்டிய இடம். உங்களுக்கு 4000 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை அமைந்த சீறல் ஒலி வேலை செய்தது தற்செயல் அன்று.

ஒலியின் அதிர்வெண்ணோடு அதன் அமைப்பும் முக்கியம் என்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஃபான் காங் ஜெங் குழுவினர் 2012இல் காட்டினார்கள். நாட்பட்ட காதிரைச்சல் உள்ள 20 பேரிடம் 17 வகை ஒலிகளை முயன்றதில், ஏதேனும் ஓர் ஒலியாவது 90 விழுக்காட்டினருக்கு இரைச்சலைக் குறைத்தது. காதிரைச்சலின் சுருதிக்கு நெருக்கமாகவும், உரப்பு விரைவாக ஏறி இறங்கித் துடிக்குமாறும் அமைத்த ஒலிகள், மாறாமல் ஒரே சீராக ஒலிக்கும் ஒலிகளைவிட நன்றாக அடக்கின. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது வேறொன்று. எல்லா ஒலிகளும் காதிரைச்சலின் உரப்பைவிடச் சற்றுக் குறைவாகவே கொடுக்கப்பட்டன. அடக்குவதற்கு மேலெழும்பிக் கத்த வேண்டியதில்லை என்பதை இது உணர்த்துகிறது, கெடுதல் பற்றிய உங்கள் கேள்விக்கு இதுவே பாதிப் பதில்.

ஓர் இடைக்குறிப்பு. இதே செவிப்பாதையை எதிர்த்திசையிலும் ஏமாற்றலாம். எபர்ஹார்ட் சுவிக்கர் 1964இல் விவரித்தபடி, நடுவே ஒரு பட்டையை மட்டும் நீக்கிய சீறல் ஒலியைச் சிறிது நேரம் கேட்டு நிறுத்தினால், காது நன்றாக உள்ளவருக்குக்கூட நீக்கப்பட்ட இடத்தின் சுருதியில் ஒரு மெல்லிய ஒலி சில வினாடிகள் கேட்கும். பளிச்சென்ற விளக்கைப் பார்த்துக் கண்ணை மூடியபின் நிற்கும் நிழலுருவம் போன்றது அது. வரத்து இல்லாத இடத்தில் மூளை ஒலியை உண்டாக்குகிறது என்பதற்குச் சில வினாடிகளில் முடிந்துவிடும் சான்று இது. உங்கள் காதிரைச்சலைப் பற்றி வீட்டில் யாரும் நம்பவில்லை என்றால் அவர்களுக்குக் கேட்கக் கொடுத்துப் பார்க்கலாம்.

நிரந்தரமாக்க முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். பின்னமைதியைத் திரும்பத் திரும்ப வரவழைத்தால் அது நீண்டுகொண்டே போகும் என்று கட்டுப்பாட்டுடன் நடத்திய சோதனை எதுவும் நிறுவவில்லை. நீண்டகால ஒலிச் சிகிச்சைகளின் கதையும் ஊக்கமளிப்பதாக இல்லை. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 590 பேர் பங்கேற்ற 8 சோதனைகளை ஆராய்ந்து, காதுக் கருவியோ ஒலியெழுப்பும் கருவியோ சிகிச்சையின்றிக் காத்திருப்பதைவிடவும் போலிக் கருவியைவிடவும் மேலானது என்பதற்குச் சான்று போதவில்லை என்று முடித்தது. ஆலோசனையோடு மெல்லிய ஒலியையும் தந்து மூளையை இரைச்சலுக்குப் பழக்கும், ஜாஸ்ட்ரெபாஃப் வகுத்த மறுபயிற்சிச் சிகிச்சையை அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 151 பேரிடம் சோதித்து 2019இல் வெளியிட்டபோது, உண்மையான ஒலிக்கருவி அணிந்தவர்களும் போலிக் கருவி அணிந்தவர்களும் வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். கவனியுங்கள், மூன்று பிரிவினருமே தேறினார்கள்; விளக்கமும் அரவணைப்பும் காலமும் செய்த வேலை அது. பிடித்த பாடல்களிலிருந்து காதிரைச்சலின் அதிர்வெண் பட்டையை நீக்கிவிட்டுக் கேட்கும் முறை, ஜெர்மனியின் மூன்ஸ்டரில் 2010இல் சிறு குழுவிடம் நல்ல பலன் காட்டியது. அதே நகரத்தில் பின்னர் செய்த பெரிய சோதனையின் முதன்மை அளவுகோலில் அந்தப் பலன் தெரியவில்லை. ஒலியோடு நாக்கில் மெல்லிய மின்தூண்டலையும் சேர்த்துத் தரும் லெனயர் என்ற அயர்லாந்துக் கருவி 326 பேரிடம் சோதிக்கப்பட்டு 2020இல் முடிவுகள் வெளிவந்தன, 2023இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி அளித்தது. சில வாரப் பயன்பாட்டின் பலன் பல மாதங்கள் நீடித்ததாக அந்த ஆய்வு சொல்கிறது என்றாலும், அது இரைச்சலின் தொல்லையைக் குறைப்பதைப் பற்றியதே அன்றி இரைச்சலை நிறுத்துவதைப் பற்றியது அன்று. ஒலியைத் தனித்துத் தருவதைவிட உடலுணர்வோடு இணைத்துத் தருவதில்தான் எதிர்காலம் இருக்கிறது என்பது என் ஊகம்.

அப்படியானால் அரை நிமிட அமைதியால் என்ன பயன்? முதல் பயன் அது தரும் தகவல். காதிரைச்சல் அசைக்க முடியாத ஒன்று அன்று, வரத்தைக் கொடுத்தால் அடங்கக்கூடியது என்று உங்கள் செவிப்பாதையே காட்டிவிட்டது. கேட்கும் திறன் குறைந்த பகுதிக்கே ஒலியைச் சேர்ப்பதுதான் காதுக் கருவி செய்யும் வேலையும். கேட்கும் திறன் குறைவோடு காதிரைச்சலும் உள்ளவர்களுக்குக் காதுக் கருவியைப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. மேலே சொன்ன காக்ரேன் முடிவோடு இது முரண்படுவதாகத் தோன்றலாம். கருவி பொருத்தினால் பேச்சு விளங்குகிறது, கூர்ந்து கேட்கும் சிரமம் குறைகிறது, அன்றாட ஓசைகள் காதை நிரப்புகின்றன. இவையே கருவியைப் பரிந்துரைக்கப் போதுமான காரணங்கள், காதிரைச்சல் குறைந்தால் அது மேல் ஆதாயம். உங்கள் ஆடியோகிராமை எடுத்துக்கொண்டு செவித்திறன் நிபுணரான ஓர் ஆடியாலஜிஸ்டிடம் போய், 6000 ஹெர்ட்ஸ் வரை ஒலியைக் கூட்டித் தரக்கூடிய கருவியைச் சோதனைக்கு அணிந்து பார்க்கக் கேளுங்கள். வாங்கிவிடு என்று அவசரப்படுத்துபவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டாவது பயன் நேரடியானது. தூக்கம் வராத இரவில், பதற்றம் ஏறிக்கொண்டே போகும் வேளையில், சிறிது நேர அமைதி அந்தப் பதற்றத்தின் பிடியைத் தளர்த்தும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. மணிக்கொரு முறை ஒலியைப் போட்டு நிறுத்தி, எத்தனை வினாடி அமைதி கிடைத்தது என்று எண்ணத் தொடங்கியவர்கள், நாள் முழுவதும் காதுக்குள் கவனத்தை வைத்தபடியே வாழப் பழகிவிடுகிறார்கள்; காதிரைச்சல் தொல்லையாவதற்கு முக்கியக் காரணமே அந்தக் கண்காணிப்புதான். காது நன்றாக உள்ள 80 பேரை ஒலிபுகாத அறையில் உட்காரவைத்து ஹெல்லரும் பெர்க்மனும் 1953இல் வெளியிட்ட ஆய்வில், 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகச் சொன்னார்கள். நிசப்தத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதாவது கேட்கும். எனவே பின்னமைதியை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இரவு முழுவதற்கும் விசிறியின் ஓசை போன்ற மெல்லிய பின்னணி ஒலியைப் பயன்படுத்துவதே நான் வழக்கமாகச் சொல்வது. அது காதிரைச்சலை முழுவதும் மூடாமல், அதனோடு கலந்து நிற்கும் அளவில் இருந்தால் போதும். தொல்லையைக் குறைப்பதில் மிக உறுதியான சான்று பெற்றது அறிவுசார் நடத்தைச் சிகிச்சை எனப்படும் உளவியல் பயிற்சி. அதைப் பரிந்துரைத்தாலே, என்னை மனநோயாளி என்கிறீர்களா என்று கோபிப்பவர்கள் உண்டு; இரைச்சல் மூளையில் உண்டாகிறது என்பதை ஏற்றவர், மூளைக்குத் தரும் பயிற்சியையும் ஏற்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கெடுதலைப் பற்றி. தொழிற்கூடங்களுக்கு அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நையாஷ் வகுத்த வரம்பு 85 டெசிபெலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும், ஆகவே 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. ஹெட்போனில் கேட்பவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம். இந்தக் கணக்குப்படி ஒரு நிமிடத் தூண்டல் எதுவும் செய்துவிடாது. உங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது. 6000 ஹெர்ட்ஸில் 70 டெசிபெல் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்தவருக்கு, அந்த ஒலி மெல்லக் கேட்க வேண்டும் என்றாலே 80ஐத் தாண்ட வேண்டியிருக்கும். அவர் காதுக்கு மெலிதாகத் தெரிவது, பழுதாகாமல் எஞ்சியிருக்கும் ரோமச் செல்களுக்கு மெலிது அன்று. ஆகவே உரப்பைக் காதை நம்பிக் கூட்டக் கூடாது. காதிரைச்சல் மறையத் தொடங்கும் அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். கைபேசியின் அமைப்புகளில் ஹெட்போன் உரப்புக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒரு நிமிடத்தில் அமைதி வரவில்லை என்றால் அந்த ஒலி உங்களுக்கு உரியது அன்று, கூட்டிப் பயன் இல்லை. நாள் முழுவதும் வெள்ளை இரைச்சலை, அதாவது எல்லா அதிர்வெண்களும் சமமாகக் கலந்த சீறல் ஒலியை, கேட்டுக்கொண்டிருப்பது மூளையின் செவிப்பகுதியை நாளடைவில் மாற்றக்கூடும் என்று 2018இல் அட்டர்ஹா, மெர்ட்ஸனிக் முதலியோர் எச்சரித்தார்கள். அவர்கள் காட்டிய சான்றுகளில் பெரும்பகுதி விலங்காய்வுகள் என்பதால் அதை இன்னும் தீர்ந்த முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ஆயினும், இயல்பான ஓசைகளைக் கேட்க முடிந்த நேரத்தில் சீறல் ஒலியால் காதை அடைத்துவைப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஒலி நின்றபின் இரைச்சல் கூடிவிடும் சிலரைப் பற்றி முன்பு சொன்னேன். பாத்திரம் விழும் சத்தம், குழந்தையின் கத்தல் போன்ற சாதாரண ஓசைகளே வலியாகத் தோன்றுபவர்கள் இவர்களில் அதிகம். இவர்கள் இந்த முயற்சியை உடனே நிறுத்திவிட்டு, ஒலிச்சகிப்பின்மைக்கான மருத்துவ ஆலோசனையைப் பெற வேண்டும். வேறு சிலருக்கோ ஒலிச்சோதனைக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை இருக்கும்: ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் இரைச்சல், தலைச்சுற்றலோடு வரும் இரைச்சல் ஆகியவற்றுக்குக் காரணம் தேட வேண்டும். மூன்று நாட்களுக்குள் திடீரென்று கேட்கும் திறன் குறைந்து இரைச்சல் தொடங்கினால் அது அவசர நிலை, ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும், எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. உங்கள் நிலை அவற்றில் எதுவும் அன்று, ஆனாலும் காதுக் குறும்பி அடைத்திருக்கிறதா என்பதையாவது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஸ்பீக்கர் விஷயம். கைபேசியின் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி உங்கள் காதுக்கு வந்து சேர்வதற்குள் அறையெங்கும் சிதறிவிடுகிறது. 4000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை ஸ்பீக்கர் நோக்கும் திசையிலேயே அதிகம் செல்வதால், கைபேசியை மேசையில் வைத்துக் கேட்டால் இன்னும் நலிந்துவிடும். அதே ஒலியின் கீழ்ப்பகுதி உங்களுக்குத் தெளிவாகக் கேட்பதால் முழு ஒலியும் கேட்பதாகத் தோன்றும், ஆனால் பின்னமைதிக்குத் தேவையான மேற்பகுதி உங்களுக்குக் கேட்கும் எல்லைக்குக் கீழே போயிருக்கும். ஹெட்போனில் அந்த இழப்பு இல்லை. ஒலியை நண்பருக்கு அனுப்பும்போதும் கவனிக்க வேண்டியது உண்டு: குரல்செய்தியாகப் பதிவுசெய்து அனுப்பினால், பேச்சைத் தெளிவாக்கும் மென்பொருள் சீறல் ஒலியை வேண்டாத இரைச்சலாகக் கருதி அரித்துவிடும், மேல் அதிர்வெண்களும் வெட்டுப்படும், கோப்பாகவே அனுப்புங்கள். பதிவிறக்கிய கோப்பில் மேல் அதிர்வெண்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்பதை உங்கள் காதால் சரிபார்க்க முடியாது என்பதால், வீட்டில் காது நன்றாகக் கேட்கும் இளையவர் ஒருவரிடம் அதே ஹெட்போனைக் கொடுத்து, நீங்கள் வைத்திருக்கும் உரப்பிலேயே சில வினாடி கேட்கச் சொல்லுங்கள். கூர்மையான சீறலாக இருக்கிறது என்றால் கோப்பு சரி. ஹெட்போனைப் பிடுங்கிக் கழற்றினால் உரப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.